மழைத்தண்ணியை வச்சு தை பட்டத் தோட்டம்: கூரையில இருந்து காய் பறிக்கற வரைக்கும்

ஐப்பசி கார்த்திகைல கூரையில விழற தண்ணியைப் புடிச்சு வச்சு, தைல நட்டு, பங்குனி முடியற வரைக்கும் அந்தத் தண்ணியிலேயே காய் பறிக்கறது எப்படின்னு வரிசையா சொல்றேனுங்க. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி அரை சென்ட், ஒரு சென்ட் பொடக்காணி சும்மா கிடக்குதுன்னா இது உங்களுக்குத்தான். மாடித் தோட்டத்துக்கும் பாதி பொருந்தும், ஆனா 3வது பகுதியில தொட்டியோட கனத்தைப் பத்தி சொல்றதைப் படிக்காம மாடி மேல எதையும் தூக்கி வைக்காதீங்க.

புதுசா இறங்கறவங்க இடறி விழறது பெரும்பாலும் ஒரே இடத்துலதான். பொங்க நோம்பி முடிஞ்சதும் ஒரு ஆசைல விதை வாங்கறது, வாங்குன விதை எல்லாத்தையும் போட்டுடறது, அப்புறம் மாசி வெயிலு வந்ததும் தண்ணிக்கு எங்க போறதுன்னு யோசிக்கறது. வரிசை அப்படியே தலைகீழு. முதல்ல தண்ணியை எண்ணணும், அப்புறம் மண்ணு, விதை கடைசிதான். விதை பாக்கெட்டு எப்ப வேணா கிடைக்கும், ஐப்பசி மழை வருசத்துக்கு ஒருவாட்டிதான்.

முன்கூட்டியே வேணுங்கறது

அளவு டேப்பு, மூடி போட்ட கறுப்புத் தொட்டி (சின்டெக்ஸ் மாதிரி எதுவா இருந்தாலும் சரி) இல்லைன்னா 200 லிட்டர் நீல டிரம்மு நாலஞ்சு, 4 இஞ்ச் பிவிசி பைப்பும் அதுக்கு டீ (மூணு பக்கம் பிரியற இணைப்பு), எல்போ (வளைவு), வால்வு, கொசு புகாத நைலான் வலை, மம்முட்டி, கொத்து, நல்லா மக்குன தொழு உரம், மூடாக்குக்கு (செடியைச் சுத்தி மண்ணை மூடி வைக்கறது) காஞ்ச சருகு. சொட்டு நீர் செட்டு முதல் வருசம் வேண்டாங்க, ஏன்னு 8ல சொல்றேன். டிரம்மு பழசா வாங்குனா முன்னாடி அதுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. சாயப்பட்டறை கெமிக்கல், பூச்சிமருந்து வந்த டிரம்மு எத்தனை தடவை கழுவுனாலும் வேண்டாம், சாப்பாட்டு எண்ணெய், ஊறுகா, ஜூஸ் வந்ததுன்னா எடுத்துக்கலாம்.

1. கூரையை அளந்து தண்ணியை எண்ணுங்க (புரட்டாசி)

கணக்கு ரொம்ப சுளுவு. ஒரு சதுர மீட்டர் கூரைல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர் தண்ணி. 500 சதுர அடி மாடின்னா கிட்டத்தட்ட 46 சதுர மீட்டர், அப்ப 25 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1150 லிட்டர் விழுது. தளம் உறிஞ்சறது, தெறிக்கறது, ஆவியாகறது எல்லாம் கழிச்சு நூத்துக்கு எண்பதுதான் கைக்கு வரும்னு வச்சுக்கங்க, அதாவது 900 லிட்டர் சொச்சம். தகர ஷீட்டுல இன்னும் கொஞ்சம் கூட வரும், பழைய நாட்டு ஓட்டுல கொஞ்சம் குறையும்.

சாய்வான கூரைன்னா ஓட்டோட நீளத்தை அளக்காதீங்க. மேல இருந்து பாத்தா கூரை தரையில எவ்ளோ இடத்தை மூடுதோ அதுதான் கணக்கு, மழை மேல இருந்துதான விழுது.

இப்ப கவனிங்க, ஒரே ஒரு நல்ல மழையில ஆயிரம் லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட ரொம்பிடுது. ஐப்பசி கார்த்திகைல நம்ம பக்கம் அந்த மாதிரி மழை ஒண்ணு ரெண்டாவது தப்பாம வரும். அதனால உங்ககிட்ட எவ்ளோ தண்ணி இருக்கும்ங்கறதை முடிவு பண்றது பெரும்பாலான வீட்டுல கூரையோ மழையோ இல்லைங்க, தொட்டிதான். நிறையப் பேரு வருச மழை 600, 700 மில்லிமீட்டரைக் கூரையோட பெருக்கி "முப்பதாயிரம் லிட்டர் கிடைக்கும்"னு சந்தோசப்படறாங்க. கூரையில விழும், ஆனா வைக்க இடம் இருக்கணுமே. தை ஒண்ணாந்தேதி தொட்டிக்குள்ள என்ன நிக்குதோ அதுதான் உங்க தண்ணி.

2. எத்தனை பாத்தின்னு இப்பவே முடிவு பண்ணுங்க

இதை நடும்போது பாத்துக்கலாம்னு விடாதீங்க, தொட்டி வாங்கறதுக்கே இந்தக் கணக்குதான் அடிப்படை.

மூடாக்கு போட்டு, வேர்ப்பக்கம் மட்டும் பாத்து ஊத்துனா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குத் தைல 2 லிட்டர், மாசில 3, பங்குனில 4 வேணும்னு நான் கணக்கு வைக்கறது. மூணு மாசத்துக்கும் சேத்துப் பாத்தா ஒரு சதுர மீட்டருக்கு 270 லிட்டர். 10 அடி நீளம், 4 அடி அகலப் பாத்தி ஒண்ணு 3.7 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்க, ஆயிரம் லிட்டர் வருது.

அப்ப ஆயிரம் லிட்டருக்கு ஒரு பாத்தி. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுதுங்க. 2000 லிட்டர் தொட்டின்னா ரெண்டு பாத்தி, டிரம்மு அஞ்சு வச்சிருக்கீங்கன்னா ஒரே பாத்தி. கேக்கறதுக்கு கம்மியாத்தான் தெரியும், எல்லாரும் முகத்தைச் சுளிக்கறாங்க. ஆனா ஒழுங்கா தண்ணி பாஞ்ச ரெண்டு பாத்தி, பாதி காஞ்ச ஆறு பாத்தியை விட அதிகமா காய் குடுக்கும்.

வீட்டுல போர் தண்ணி இருந்தா ஆரம்பத்துல இருந்தே பாதிக்குப் பாதி கலந்து ஊத்தலாம், பாத்தி ரெண்டு மடங்காகிடும். அவினாசி, பல்லடம் பக்கமெல்லாம் போர் தண்ணி உப்பு ஜாஸ்தி, வெறுமனே அதையே ஊத்துனா மண்ணு மேல வெள்ளையா பூக்கும், இலை ஓரம் கருகும். மழைத்தண்ணி கலந்தா உப்பு பாதியாகிடுது.

3. பைப்பு, முதல் மழை, தொட்டி (ஐப்பசிக்கு முன்னாடி)

நம்ம தமிழ்நாட்டுல 2003ல இருந்து மழைநீர் சேமிப்பு கட்டாயம்ங்கறதால பல வீட்டுல கூரைத்தண்ணி ஒரே பைப்புல இறங்கி தரைக்குழிக்குப் போற மாதிரி ஏற்கனவே இருக்கும். புதுசா எதுவும் கட்ட வேண்டாம், அந்தப் பைப்பை வெட்டி ஒரு டீ போட்டு தொட்டிக்கு வழி விட்டா போதும். தொட்டி ரொம்புனா மிச்சம் பழைய குழிக்கே போகட்டும்.

மொதல்ல மாடியைச் சீமாறு போட்டுக் கூட்டிக் கழுவிடுங்க. புறா எச்சம், வேப்பஞ்சருகு, வத்தல் காயப்போட்ட மிச்சம் எல்லாம் தொட்டிக்குள்ள போனா அழுகி நாத்தமடிக்கும். மாடிக்குப் புதுசா வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிச்சிருந்தா முதல் ரெண்டு மூணு மழையைப் புடிக்காம விட்டுடுங்க.

ஒவ்வொரு மழையிலயும் முதல்ல வர அழுக்குத் தண்ணியைக் கழிச்சு விடணும். கழிக்க வேண்டியது முதல் 2 மில்லிமீட்டர், 500 சதுர அடிக்கு 90 லிட்டர் கிட்ட வரும். இங்கதான் வீடியோ பாத்து செய்யறவங்க ஏமாந்து போறாங்க. மூணு அடி பைப்பு ஒண்ணை நிமித்தி வச்சு அடியில மூடி போட்டுட்டு அதுவே அழுக்கைப் புடிச்சுக்கும்னு விட்டுடறாங்க. 4 இஞ்ச் பைப்பு மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும், 90 லிட்டருக்கு அது எந்த மூலைக்கு? ஒண்ணு, தனியா 100 லிட்டர் டிரம்மு ஒண்ணை வச்சு அது ரொம்புன பிறகு தொட்டிக்குப் போற மாதிரி பண்ணுங்க, அடியில சின்ன ஓட்டை போட்டு விட்டா அடுத்த மழைக்குள்ள தானா காலியாகிடும். இல்லைன்னா கையால திருப்பற வால்வு வைங்க, மழை ஆரம்பிச்சு பத்து நிமிசம் கழிச்சு திருப்பி விடுங்க. வீட்டுல எப்பவும் ஆள் இருந்தா வால்வு போதும், ராத்திரி மழைக்கு எந்திரிக்க முடியாதவங்களுக்கு டிரம்முதான் சரி.

அடுத்து தொட்டி வைக்கற இடம். ஆயிரம் லிட்டர்னா ஒரு டன் கனம். மண்ணுத் தரையில அப்படியே வச்சா மழையில மண்ணு இளகி ஒரு பக்கமா சாயும், பைப்பு ஜாயிண்டு உடையும். ஜல்லி போட்டுக் கெட்டி பண்ணி, மேல கான்கிரீட் போட்டு, ரெண்டு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி அது மேல வைங்க. ரெண்டு அடி எதுக்குன்னா குழாய்க்கு அடியில பக்கெட்டு நுழையணும், அவ்ளோதான். மாடில வைக்கறதுன்னா கட்டுன இஞ்சினியரைக் கேக்காம வேண்டாம், அதுவும் தளத்துக்கு நடுவுல வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் உள்ள போனா பாசி புடிக்கும், அதனாலதான் கறுப்புத் தொட்டி. நீல டிரம்முன்னா சாக்கு சுத்தி வைங்க, இல்லை வடக்குச் செவுத்தோரம் நிழல்ல வைங்க. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் இருக்கறவங்க கவனிங்க, ஆடிக் காத்துல காலி டிரம்மு உருண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிடும், கயிறு போட்டுக் கட்டிடுங்க.

கொசு விசயத்துல விளையாடக் கூடாதுங்க. டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்டை வைக்கும், முட்டை கொசுவாகறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும், நம்ம தண்ணியோ மூணு மாசம் நிக்கப் போகுது. தொட்டி வாய்க்கு வலை கட்டிட்டு எல்லாரும் மறக்கற இடம் மிச்சத் தண்ணி வெளியேற பைப்பு. அதோட வாயிலயும் வலை கட்டுங்க, 90 லிட்டர் கழிக்கற டிரம்முக்கும் கட்டுங்க. மண்ணெண்ணெய் ஊத்தறது பழைய வழக்கம், அந்தத் தண்ணி செடிக்குத்தான் போகுதுங்கறதை மறந்துடாதீங்க. மூடி இல்லாத சிமெண்ட் தொட்டின்னா கப்பி மீன் நாலு விடுங்க, புழுவைத் தின்னுடும்.

இந்தத் தண்ணி குடிக்கறதுக்கு இல்லை.

4. மண்ணை மழை முடியறதுக்குள்ள தயார் பண்ணுங்க (ஐப்பசி, கார்த்திகை)

தைல நடறதுக்குத் தைல கொத்துனா போதும்னு நினைக்கறாங்க. கொத்தி, உரம் போட்டு, பாத்தி புடிச்சு வச்ச மண்ணு கார்த்திகை மழையை உள்ள இழுத்து வச்சுக்கும். தொழு உரம் கலந்த மண்ணு ஒரு அடி ஆழத்துல சதுர மீட்டருக்கு 30 லிட்டராவது செடி எடுக்கற மாதிரி வச்சிருக்கும். தொட்டி வாங்காமயே கிடைக்கற தண்ணி இது. இறுகிக் கிடக்கற தரைன்னா அத்தனையும் வழிஞ்சு ரோட்டுக்குப் போயிடும்.

பாத்தி 4 அடி அகலத்துக்கு மேல வேண்டாம், ரெண்டு பக்கமும் இருந்து கை எட்டணும், உள்ள மிதிச்சா மண்ணு இறுகும். ஒரு பாத்திக்கு மக்குன தொழு உரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு கால் கிலோ. சாணி பச்சையா இருந்தா வேர்ப்புழுவும் கரையானும் கூடவே வரும், கையில எடுத்தா சாணி வாசம் அடிக்காம மண்ணு வாசம் அடிக்கணும், அதுதான் மக்குனதுக்கு அடையாளம்.

மேட்டுப்பாத்தி வேண்டாங்க. எல்லா வீடியோலயும் அழகா மேடு கட்டிக் காட்டறாங்க, மழை அதிகமா இருக்கற ஊருக்கு, மழை மாசத்துக்கு அது சரி, வேர் அழுகாம இருக்கும். தை மாசி பங்குனில நமக்கு வரப்போறது வெயிலும் வறண்ட காத்தும், மேடு கட்டுனா நாலு பக்கமும் காஞ்சுடும். தரையை விட நாலு விரக்கடை பள்ளமா, சுத்தி வரப்பு வச்ச பாத்திதான் வேணும். கார்த்திகைல கனமழை பேஞ்சு தண்ணி தேங்குனா வரப்பை ஒரு பக்கம் வெட்டி விட்டுட்டு அப்புறம் மூடிக்கலாம்.

செம்மண்ணுன்னா தண்ணி வேகமா உள்ள போயிடும், உரம் கொஞ்சம் கூடப் போடுங்க. கரிசல்னா தண்ணியை நல்லா புடிக்கும், ஆனா காஞ்சா வெடிக்கும், வெடிப்பு விழுந்தா இருக்கற ஈரமும் ஆவியாகிடும், அதுக்கு மூடாக்கு கண்டிப்பா வேணும். ஒரு அடி தோண்டுனா சுக்காங்கல்லு வர இடம்னா மேல வேற மண்ணு கொட்டாம ஆழமா வேர் விடற கத்தரி, மிளகாயை அங்க நடாதீங்க.

5. என்ன நடறது, எப்ப விதைக்கறது

தை 1க்கு நாத்து கையில இருக்கணும்னா பின்னாடி இருந்து எண்ணுங்க. மிளகாய் நாத்து 40 நாள், கத்தரி 30-35 நாள், தக்காளி 25 நாள். அப்ப மிளகாயைக் கார்த்திகை 20 வாக்குல, கத்தரியைக் கார்த்திகை 25ல, தக்காளியை மார்கழி 5ல போடணும். மார்கழில விதை போடக் கூடாதுன்னு வீட்டுல பெரியவங்க சொன்னா சண்டைக்குப் போகாதீங்க, தக்காளியையும் கார்த்திகை கடைசி நாள்ல போட்டுடுங்க, 30 நாள் நாத்தை நட்டா ஒண்ணும் கெட்டுப் போயிடாது.

தக்காளில ஏன் இவ்ளோ அவசரம்னா, வெயிலு 35 டிகிரியைத் தாண்டுனா பூ உதிர ஆரம்பிச்சுடும். தை கடைசில நட்டவங்க செடி புஸ்புஸ்னு வளருது, பூவும் வைக்குது, காய் மட்டும் வரலைன்னு பங்குனில புலம்பறது இதனாலதான். தை பிறந்ததும் நட்டா பங்குனி ஆரம்பத்துலயே பழம் பறிக்கலாம்.

நாத்து குழித்தட்டுல போடுங்க, தென்னைநார்க் கழிவு போட்டு. பொள்ளாச்சி பக்கம் மில்லுல இருந்து நேரா வர நார்க்கழிவுல உப்பு நிறைய இருக்கும், மழைத்தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிப் புழிஞ்சுட்டுத்தான் தொழு உரத்தோட கலக்கணும். விதையை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கற நல்ல பாக்டீரியாத் தூள்) ஒரு சிட்டிகையோட பிசறிப் போட்டா இளம் நாத்து அழுகிச் சாயறது குறையும். நாத்துக்கு மட்டுமாவது சுத்தமான மழைத்தண்ணிதான் ஊத்துங்க, இளசுக்கு உப்பு ஆகவே ஆகாது.

வெண்டை, கொத்தவரை, தட்டப்பயறு எல்லாம் நேரடியா பாத்தில ஊனறது. தைல ராத்திரி குளிரு இருக்கறதால வெண்டை மெதுவாத்தான் முளைக்கும், ராத்திரி முழுக்க ஊற வச்சு ஊனுங்க. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு சும்மாவா சொன்னாங்க. குளிரு சிவராத்திரியோட சிவசிவான்னு போயிடும், அதுக்கப்புறம் வெண்டை பிச்சுக்கிட்டு வரும்.

தண்ணி கம்மியா இருக்கற வீட்டுக்கு என் தேர்வு: கொத்தவரை, தட்டப்பயறு, கத்தரி, வெண்டை, மிளகாய். தக்காளி ரெண்டாவது பாத்தி இருந்தா மட்டும், அதுல நம்ம பி.கே.எம். 1 மாதிரி வறட்சியைத் தாங்கற ரகம் நல்லது. கீரை வேர் மேலாப்புலயே இருக்கும், தினமும் தண்ணி கேக்கும், ஒரு பாத்தில கால்வாசிக்கு மேல வேண்டாம். சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் பந்தல் ஏறுச்சுன்னா ஒரே கொடி ஒரு பாத்தி வெண்டை குடிக்கற தண்ணியைக் குடிச்சுடும், ஆசைப்பட்டா ஒண்ணே ஒண்ணு வைங்க, அதையும் பாத்தி கணக்குல ஒண்ணாச் சேத்துக்கங்க. பந்தல் அவரை ஆடிப் பட்டத்துக்கு உரியது, பகல் பொழுது சுருங்குனாத்தான் பூக்கும், தைல போட்டா வெறும் இலைதான் மிஞ்சும்.

விதை கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கிடைக்கும், உழவர் சந்தைக்கு வர விவசாயிக கிட்ட நாட்டு விதை கேட்டாலும் குடுப்பாங்க. வீரிய ரகத்துல இருந்து விதை எடுத்து வச்சு அடுத்த பட்டத்துக்குப் போட்டுட்டு அதே காய் வரலைன்னு தேடாதீங்க.

6. நடறது (தை)

சாயங்காலம் பொழுதோட நட்டுடுங்க, வெடியால (காலையில) நட்டா அன்னைக்குப் பூராம் வெயில்ல வாடும். நடறதுக்கு முந்தின நாளே பாத்தியை நல்லா நனைச்சு விடுங்க, காஞ்ச மண்ணுல நட்டா மண்ணே வேர்ல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்.

வெண்டைக்கு வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி. தக்காளி, மிளகாய்க்கு ரெண்டு அடிக்கு ஒன்றரை அடி, கத்தரிக்கு ரெண்டுக்கு ரெண்டு. நெருக்கி நட்டா நிறைய காய் வரும்னு தோணும், தண்ணி அளவா இருக்கற தோட்டத்துல நெருக்கம்னா எல்லாத்துக்கும் அரை வயித்துக் கஞ்சிதான்.

வெண்டை குழிக்கு ரெண்டு விதை போட்டு, முளைச்சு நாலு இலை வந்ததும் சொத்தையைக் கிள்ளி எறிஞ்சுடுங்க. பாவம் பாத்து ரெண்டையும் விட்டுடறாங்க பல பேரு, ரெண்டும் நோஞ்சானா நிக்கும்.

7. மூடாக்கு

நட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு, செடி வேர் புடிச்சதும் போடணும். வெண்டை விதை ஊனுன அன்னைக்கே மேல சருகைக் கொட்டுனா முளைக்கறது திணறும்.

கரும்புச் சோகை, காஞ்ச இலை, வாழைச் சருகு, கடலைப் பொட்டு எது கிடைக்குதோ அது, மூணு விரக்கடை கனத்துக்கு. தண்டை ஒட்டி வைக்காம ரெண்டு இஞ்ச் தள்ளி வைங்க, ஒட்டி வச்சா தண்டு அழுகும், கரையானும் ஏறும். சோளத்தட்டு போடலாம்தான், ஆனா பக்கத்துல மாடு வச்சிருக்கறவங்க இருந்தா அவங்க பாத்து வயிறு எரிவாங்க, மாட்டுத் தீனிங்க அது.

2ல சொன்ன தண்ணிக் கணக்கு மூடாக்கு இருந்தாத்தான் செல்லும். மூடாக்கு இல்லாம பங்குனி வெயில்ல நிக்கற மண்ணுக்கு இன்னும் எவ்ளோ ஊத்துனாலும் பாதி ஆவியாத்தான் போகும்.

8. தண்ணி ஊத்தற முறை

சொட்டு நீர் ஏன் முதல் வருசம் வேண்டாம்னா, கடையில விக்கற சொட்டுவானுக்கு ஒரு பார் அழுத்தம் மாதிரி வேணும். தண்ணி பத்து மீட்டர் உசரத்துல இருந்து வந்தாத்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். ரெண்டடி மேடையில இருக்கற தொட்டில இருந்து பத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் வரும், முதல் செடிக்கு ஒழுகும், கடைசிச் செடி காயும். கூடவே கூரைத்தண்ணில வர தூசி அடைச்சுக்கும். பக்கெட்டும் சொம்பும் போதும், ரெண்டு பாத்திக்கு அரை மணி நேர வேலை.

நட்ட முதல் வாரம் மட்டும் தினமும் கொஞ்சம். அப்புறம் தைல ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெண்டைக்கு அரைச் சொம்பு, தக்காளி மிளகாய்க்கு ஒரு சொம்பு, கத்தரிக்கு ஒன்றரைச் சொம்பு, சொம்பு ஒரு லிட்டர்னு வச்சுக்கிட்டு. மாசி பங்குனில வெண்டைக்கும் சொம்பு ஒண்ணாகட்டும், மத்ததுக்கு ரெண்டு, மூணுன்னு கூட்டுங்க. தினமும் துளித்துளியா தெளிச்சா வேர் மேலேயே சுத்திக்கிட்டு நிக்கும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆழமா ஊத்துனா வேர் கீழ தேடிப் போகும், அப்படிக் கீழ போன செடிதான் பங்குனியைத் தாங்கும். கரிசல்னா மூணு நாளைக்கு ஒருக்கா, அளவைக் கூட்டி ஊத்தலாம்.

ஊத்தறதுக்கு முன்னாடி மூடாக்கை விலக்கி நாலு இஞ்ச் தோண்டி மண்ணை எடுத்துப் புடிச்சுப் பாருங்க. உருண்டை நின்னா அன்னைக்கு வேண்டாம், உதிர்ந்தா ஊத்துங்க. மதியம் இலை தொங்குதேன்னு பதறி ஊத்தாதீங்க, வெயிலுக்குத் தொங்குன இலை சாயங்காலம் தானா நிமிரும், காலையிலயும் தொங்கிக்கிட்டு இருந்தாத்தான் தாகம்.

தைல காலையில ஊத்துங்க, பனியும் ஈரமும் சேந்து ராத்திரி முழுக்க நின்னா பூஞ்சணம் வரும். மாசி பாதிக்கு மேல சாயங்காலத்துக்கு மாறிக்கலாம். எப்பவும் இலை மேல ஊத்தாம தண்டைச் சுத்தி ஊத்துங்க.

தைப்பூசம், பங்குனி உத்திரம்னு நாலு நாள் ஊருக்குப் போறவங்களுக்கு மண்பானை இருக்குது. பூச்சு, பெயிண்ட் எதுவும் இல்லாத மண்பானையைக் கழுத்து வரைக்கும் பாத்தில புதைச்சு, தண்ணி ரொப்பி, மேல தட்டு போட்டு மூடிடுங்க. மண்ணு காயக் காயப் பானை கசிஞ்சு குடுக்கும், ஈரமா இருந்தா நிறுத்திக்கும். பானையைச் சுத்தி ஒரு அடிக்குள்ள இருக்கற செடிக்குத்தான் எட்டும், 10 அடிப் பாத்திக்கு மூணு பானை வேணும். கொசுவுக்காகவும் அந்தத் தட்டு கட்டாயம்.

9. தொட்டியில கோடு போட்டு வைங்க

சாக்பீஸ் எடுத்து தொட்டி மேல கோடு போடுங்க. மாசி பிறக்கறப்ப முக்காலுக்குக் கொஞ்சம் மேல நிக்கணும், பங்குனி பிறக்கறப்ப பாதிக்குக் கொஞ்சம் கீழ. கோட்டுக்குக் கீழ இறங்கிட்டா அன்னைக்கே முடிவெடுக்கணும், பங்குனி பதினஞ்சுல எடுத்தா எல்லாமே போயிடும்.

முதல்ல கீரையைப் பறிச்சு முடிச்சுடுங்க. அடுத்து தக்காளி, ரெண்டு மூணு பறிப்பு முடிஞ்ச செடியைப் புடுங்கி மூடாக்காப் போட்டுடுங்க. வெண்டைல இலை நரம்பு மஞ்சளா தெரியற செடி எதுவா இருந்தாலும் அதைக் காப்பாத்த தண்ணி ஊத்த வேண்டாம், வெள்ளை ஈ பரப்பற தேமல் நோய் அது, திரும்பாது, புடுங்கித் தூரப் போடுங்க. கத்தரியையும் மிளகாயையும் கடைசி வரைக்கும் வச்சிருங்க, பங்குனி கடைசில கத்தரியைப் பாதியா வெட்டி விட்டாலும் கோடை மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.

மேக்குப் பக்கம் தென்னங்கீத்து நாலு நிமித்திக் கட்டுனா மதிய வெயிலு குறையும், தண்ணியும் மிச்சம். அரிசி, காய் கழுவுன தண்ணியை ஒரு சொட்டு கூடச் சாக்கடைக்கு விடாதீங்க. சோப்புத் தண்ணி வாழைக்கு விடலாம், கீரைக்கும் காய்க்கும் வேண்டாம். போர் தண்ணிக்கு மாறறதுன்னா ஒரே நாள்ல மாறாம, தொட்டில பாதி இருக்கறப்பவே கலந்து கலந்து மாறுங்க.

10. கோடை மழை வந்ததும்

பங்குனி கடைசி, சித்திரைல இடியோட ஒரு மழை வரும். அது வரும்போது கூரையில மூணு மாசத் தூசியும் புறா எச்சமும் சேந்திருக்கும், அதனால வழக்கமா கழிக்கறதைப் போல ரெண்டு மடங்கு கழிச்சுட்டுத்தான் தொட்டிக்குத் திருப்பணும். முடிஞ்சா அதுக்கு முன்னாடி, தொட்டி அடி தட்டற சமயத்துலயே உள்ள படிஞ்ச சேத்தை வழிச்சு எடுத்துடுங்க, அந்தச் சேறு மண்ணுக்கு நல்லதுதான், கத்தரி அடியில போடலாம். வலையில ஓட்டை விழுந்திருக்குதான்னு பாருங்க, வெயில்ல நைலான் நொறுங்கிப் போயிருக்கும், மாத்திடுங்க. காலியான பாத்தில தட்டப்பயறை விதைச்சு விட்டா அந்த ஒரு மழை ஈரத்துலயே முளைச்சு நிக்கும், ஆடிக்கு அதையே மடக்கிக் கொத்திட்டு அவரையும் பீர்க்கும் போடலாம்.